வாயில் கவ்விய மீன்

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒருவர் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அவர் பிடிக்கும் மீனைப் பார்த்து எனக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கிறது. ‘கார்ப்பர்’ என்று இவர்கள் சொல்லும் கெண்டை, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். அதை ஈரமான பாயில் கிடத்தி, அளந்து, படம் எடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். தின்னாத மீனை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று என் கணவரிடம் புலம்புவேன். நமக்கு அவர்கள் பைத்தியம், அவர்களுக்கு நாம் பைத்தியம், சரியாய்ப் போயிற்று என்பார் அவர்.

போன மாதம் அந்த மனிதர் ஒரு மீனை விடுவதற்கு முன் முகத்தருகே தூக்கி, உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கப் போனார். குப்பை போட வந்த நான், பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வேண்டாம், வாய்க்கிட்ட வேண்டாம் என்று தமிழில்தான் கத்தியிருக்கிறேன். அவர் மிரண்டு போய் மீனை என்னிடமே நீட்டினார். இங்கே பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆனாலும் இந்த ஒரு தடவை எடுத்துக்கொள் என்று தணிந்த குரலில் சொன்னார். மீனுக்கு அலைகிறேன் என்று நினைத்துவிட்டார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

விருத்தாசலத்தில் என் தம்பி செல்வம் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் அச்சு ஊற்றும் வேலை பார்க்கிறான். ஊருக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி, களிமண் எடுத்து எடுத்துப் பள்ளமான குட்டை ஒன்று இருக்கிறது. மழைக்கு நிறையும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, விரால், குறவை, கெளுத்தி, பனையேறி கெண்டை எல்லாம் வந்து சேர்ந்துவிடும். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஆளாளுக்கு இறங்கி விடுவோம். அந்தச் சேற்றில் வலை ஆகாது. இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவித்தான் பிடிக்க வேண்டும். ஒன்று அகப்பட்டதும் கரைக்குப் போய்க் குண்டானில் போட்டுவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் இருக்கும் மற்றது ஓடிப்போகும். அதனால் பிடித்ததைப் பல்லில் கவ்விக்கொண்டு அடுத்ததற்குக் கை விடுவது எங்கள் பழக்கம். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கவ்வியவள்தான். விராலும் கெளுத்தியும் பரவாயில்லை. பனையேறி கெண்டைக்குச் செவுளின் ஓரமெல்லாம் முள். தொண்டைக்குள் போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது. அப்படிப் போன உயிர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கேள்விப்பட்டும் கவ்வுவோம்.

போன வருஷக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையல் கூடத்தில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி கலா வீடியோவில் கூப்பிட்டாள். அண்ணி, குட்டையைப் பாருங்க, உங்க தம்பி கூத்தைப் பாருங்க என்று சிரித்துக்கொண்டே போனைத் திருப்பினாள். செல்வம் தொடை வரை சேறாக நின்றான். பல்லிடுக்கில் ஒரு பனையேறி கெண்டை வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் சேர்த்து ஒரு விராலைப் பிடித்திருந்தான். அக்கா பார்க்கிறாங்க என்று கலா சொன்னதும் விராலை உயர்த்திக் காட்டினான். மீனைக் கவ்வியபடியே சிரித்தான். சிரித்ததில் வாய் திறந்தது.

மீன் காணாமல் போயிற்று. முதலில் அது தண்ணீரில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். செல்வம் விராலை விட்டுவிட்டான். இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. அவன் கண்கள் அப்படிப் பிதுங்கி நான் பார்த்ததில்லை. கலாவின் அலறல் கேட்டது, படம் சுழன்றது, போன் எங்கோ மல்லாக்க விழுந்தது. அதன் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் விருத்தாசலத்து வானம் மட்டும்தான். ஓரத்தில் கொஞ்சம் கருவேல முள். சேற்றில் ஆட்கள் ஓடும் சத்தம். “மல்லாத்தாத, குனிய வையி, மூச்சு வுடட்டும்” என்று யாரோ சொன்னார்கள். ஒரு பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஒரு ரயில் வந்து எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது. ரயில் போன பிறகு அங்கே ஒருவரும் இல்லை. நான் மட்டும் செல்வம், செல்வம் என்று அந்த வானத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கூட வேலை பார்க்கும் அன்னெக் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். தம்பி தொண்டையில் மீன் என்று அவள் மொழியில் சொன்னேன். முள் என்று சொல்ல வேண்டும் என்று அன்பாகத் திருத்தினாள். முள் இல்லை, மீன், முழு மீன், உயிரோடு என்றேன். அவளுக்கு என் டச்சு மொழி மேல்தான் சந்தேகம் வந்தது. ஒரு துண்டு ரொட்டியை மெல்லாமல் விழுங்கச் சொல், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம் என்று சொல்லி என் கையில் தண்ணீர் கொடுத்தாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், முள் குத்தினால் ஒரு சோற்று உருண்டையை விழுங்குவோம். அதைச் சொல்லி அழுதேன். எனக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கலா போனில் சார்ஜ் தீர்ந்ததோ என்னவோ, வானமும் போய்விட்டது.

அன்று நான் பயந்த பயத்தை யாருக்கும் சொல்லி விளங்க வைக்க முடியாது. தெரிந்த நம்பருக்கெல்லாம் அடித்தேன். எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓயும் ஒவ்வொரு முறையும் அவன் செத்துப்போனான் என்று முடிவு செய்தேன். பிறகு இல்லை என்று சாமியைக் கும்பிட்டேன். கடைசியில் கலா யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

“இருக்குறாரு அண்ணி. கழுத்துல ஓட்ட போட்டு மூச்சு வுட வச்சிட்டாங்க. ஒரு டாக்டரம்மா மீன வெட்டி வெட்டி எடுத்தாங்க.”

உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு அண்ணி, பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கும் என்றாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வலித்தது. வர முடியாதவர்கள் வரிசையில் என்னை அவர்கள் எப்போதோ சேர்த்துவிட்டார்கள். தம்பி உயிருக்குப் போராடும்போதும் அந்த வரிசை மாறவில்லை.

பேச்சு வராத நாட்களில் செல்வம் எனக்கு அனுப்பிய முதல் மெசேஜ்: “அக்கா, மத்த மீனெல்லாம் யாரு எடுத்துகிட்டுப் போனாங்க?” அழுதுகொண்டே சிரித்தேன். கலாவிடம் கேட்டுச் சொன்னேன். கரையில் இருந்த குண்டானைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப்போய், சாம்பலும் கல் உப்பும் போட்டுக் கல்லில் தேய்த்து வழவழப்புப் போகக் கழுவி, மாங்காய் அரிந்து போட்டுக் குழம்பு வைத்து அவளுக்கும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சேற்று மீனுக்கு மாங்காய்ப் புளிப்புத்தான் சரி. அவள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாளாம். அவனோ, கஞ்சி குடிக்க விட்டதும் முதலில் கேட்டது மீன் குழம்புதான். மீன் வேண்டாம், குழம்பு மட்டும் ஊற்று என்றானாம். நான் இங்கே ஒரு வருஷமாக மீன் வாங்கவில்லை. பெட்டியில் வரும் உறைந்த மீனுக்குத் தலை கிடையாது, செவுள் கிடையாது, அதைக்கூட என்னால் தொட முடியவில்லை.

போன வாரம் குட்டை மறுபடியும் வற்றியது. பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரையில் கலா பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

“நான் சொன்னா கேக்கல அண்ணி. நீங்களே சொல்லுங்க. எறங்கிட்டாரு.”

போனை அவனிடம் காட்டச் சொன்னேன். இடுப்பில் ஒரு நைலான் பை கட்டியிருந்தான். கழுத்தில் அந்தத் தழும்பு. திட்டினேன், கெஞ்சினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

“இனிமே பையிலதான்க்கா போடுவேன். நம்பலன்னா பாத்துக்க.”

மீன் அகப்படும்போதெல்லாம் அதைப் பையில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி வாயை ஆவென்று திறந்து காட்டினான். காலியான வாய். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நம் வாயும் தானாகத் திறக்குமே, அப்படி நானும் திறந்திருக்கிறேன். எதிர் இருக்கைப் பெண் இடம் மாறி உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. செல்வம் அப்போதுதான் குனிந்து இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டிருந்தான். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கதவு மூடியது, பஸ் கிளம்பியது. அவன் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.