பேச்சுக்குச் சொன்னது

எங்கள் குடிசைப் பகுதிக் கட்சிச் செயலாளரின் ஆள்காட்டி விரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எழுபதுகளின் கடைசியில் பிழைக்க வடக்கே போய், கிட்வாய் நகர்ப் பக்கம் குடிசை போட்டிருந்தோம். தேர்தல் வந்தால் அவர் தார் டிரம்மின் மேல் ஏறி, அந்த விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார். "ஓட்டுதான் நம்ம தோட்டா. எதிர்ச் சந்துக்காரன ஒருத்தன் விடாம சுட்டுத் தள்ளணும்" என்பார். ஆண்கள் விசில் அடிப்பார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்று நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எதிர்ச் சந்தில் இந்திக்காரர்கள். கட்சி வேறு, தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அப்படி ஒரு கூட்டம் முடிந்த சாயங்காலம் குழாயடியில், கொத்தனாரான என் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போகும் ஒரு இந்திக்காரர், உங்கள் ஆள் என்ன பேசினார் என்று கேட்டார். என் வீட்டுக்காரருடைய இந்தி செங்கல், சிமெண்டு, தண்ணீர் கேட்கிற இந்தி. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் காட்டும் பேச்சுக்கு அதில் வார்த்தை கிடையாது. தலைவர் பேச்சைச் சொல்கிற பெருமையில் விரலை நீட்டி, "கோலி மாரேகா, சப்கோ" என்றார். நம் ஊரில் கோலி பிள்ளைகள் உருட்டுவது. இந்தியில் அது தோட்டா. எல்லோரையும் சுடுவோம் என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

விடிவதற்குள் அந்தச் சொல் சந்து முழுக்கப் போய்விட்டது. காலையில் இரும்புத் தடிகளோடு பத்துப் பேர் வந்தார்கள். துப்பாக்கி எங்கே என்றுதான் கேட்டார்கள். தலையில் விழ இருந்த அடியை இவர் இடது கையால் தடுத்தார். கட்டுப் பிரித்த பிறகும் ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. செங்கல் பிடிக்க முடியாத கொத்தனாரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

செயலாளர் இரண்டு ஆரஞ்சோடு பார்க்க வந்தார். "நான் பேச்சுக்குச் சொன்னது தங்கச்சி. அத இந்தியில போய்ச் சொல்லுன்னு இவனுக்கு யாரு சொன்னா?" என்றார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அந்தத் தேர்தலில், நீட்டியபடியே நின்ற அந்த விரலில்தான் இவருக்கு மை வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. போன வாரம் டிவியில் ஒரு பெரிய மனிதர் அதே மாதிரி விரலை நீட்டி எதிர்க்கட்சியைச் சுட்டார். கூட்டம் விசில் அடித்தது. என் மகனும் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான். நான் முறைத்ததும், "பேச்சுக்குத்தாம்மா" என்றான். அவனிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதே இல்லை.

"உனக்கு விரல் மடங்குதுல்ல?" என்றேன். "மடக்கு."