திரும்பாத தடங்கள்

கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, விடுமுறை வந்தால் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து ஜவளகிரிக்குப் போய்விட வேண்டும். காட்டோரத்தில் யானை லத்தியையும் கால்தடத்தையும் பார்த்துக்கொண்டு திரிவேன். எண்பதுகளின் கடைசி அது. யானை வராமலிருக்க, காட்டுக்கும் ராகி வயல்களுக்கும் நடுவே அகழி வெட்டியிருந்தார்கள். மழையில் கரை சரிந்தால் யானை சுலபமாக இறங்கி ஏறிவிடும், அகழியால் புண்ணியமில்லை என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். வாய்க்கு என்ன குறைச்சல்!

யார் நிலத்தை ஒட்டி அகழி சரிகிறதோ, அவர்தான் விடிந்ததும் மண்ணை வாரி மேலே போட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். தாமதித்தால் ஊரே ஏசும். ராத்திரி மழை பெய்த ஒருநாள், காலையில் நானும் வனத்துறை வாட்சரும் போனபோது, ஒரு விவசாயி அந்த வேலையை முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தள்ளி ராகி அறுத்துக்கொண்டிருந்தார்.

வாட்சர் குனிந்து ஈரமண்ணைப் பார்த்தார். தடங்களெல்லாம் வயலுக்குள் போயிருந்தன. காட்டுப் பக்கம் திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

“மேடம், உள்ளயே இருக்குதுங்க. குட்டியும் கூட இருக்குது.” என்றார் அவர்.

குட்டியோடு வந்த யானை, போகிற வழி அடைபட்டால் யாரையும் விட்டுவைக்காது. அந்த நேரம் பார்த்து வயலுக்கு அந்தப்புறம், தைலமரத் தோப்பில் வெடிச் சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் யானைகளைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கமாகத் துரத்துகிறார்கள். வயலில் அந்தப் பெண் அரிவாளோடு நிமிர்ந்து நின்றார்.

“மண்ணை மறுபடி அகழிக்குள்ள தள்ளுங்க, அதுங்க இறங்கிப் போகட்டும்!” என்று கத்தினேன்.

விவசாயி அசையவில்லை. “தள்ளுனா ராத்திரிக்கு மறுபடி வருமேம்மா! மிச்சமிருக்கறதும் போயிடும்.”

“உங்க சம்சாரம் நடுவுல நிக்கறாங்க!”

அப்புறம்தான் அவர் மனைவியைப் பார்த்தார். “ஓடியா! இங்க ஓடியா!” என்று அலறிக்கொண்டே மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினார். வாட்சரும் நானும் கையால் தள்ளினோம். அந்தப் பெண் விழுந்து எழுந்து ஓடிவந்து சேர்ந்ததும், நால்வரும் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் ஒடுங்கினோம். தாயும் குட்டியும் வயலைத் தாண்டி அகழிக்கரைக்கு வந்தன. தாய் யானை முதலில் இறங்கவில்லை. குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி நின்றது. எனக்குப் படித்த படிப்பில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பிறகு அதுவும் இறங்கி ஏறிக் காட்டுக்குள் போனது.

வெகுநேரம் யாரும் எழவில்லை. விவசாயியின் மனைவி அழுதுகொண்டிருந்தார். “அகழியை இன்னிக்கு அப்படியே விடுங்க. இன்னும் ஏதாவது உள்ளே இருக்கலாம்” என்றேன்.

விவசாயி அறுக்காமல் கிடந்த ராகியைப் பார்த்தார். “விடறேம்மா. ராத்திரி வந்தா, நீங்க கூட நிப்பீங்களா?”

ஓசூர் பஸ் போய்விடுமோ என்ற பயத்தில், மண் ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.