கள் குடித்த எண்ணெய்

சாங்வோன் தொழிற்பேட்டையில் பியோ ஹக்சுவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எதிரே நின்றால் 'பூஜாங்', முதுகைத் திருப்பினால் 'ஃபில்டர்'. கார் கதவுக்குத் தகடு அமுக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர், அதனால் பூஜாங். ஃபில்டர் என்ற பட்டம் அவரே உழைத்துச் சம்பாதித்தது.

ராணுவத்தில் லாரிகளுக்கு கிரீஸ் அடித்துப் பழகியவர், வெளியே வந்த சூட்டோடு இந்த ஆலைக்குள் நுழைந்தார். தகடு அமுக்குகிற பிரஸ் எந்திரத்தின் உயிர் அதன் எண்ணெயில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. சரியான கட்சிதான். கண்ணுக்குத் தெரியாத தூசு போதும், வால்வு சிக்கிக்கொள்ளும், பம்ப் தேய்ந்துபோகும். ஆனால் எப்போதும் சரியாக இருக்கிற மனிதரோடு காலம் தள்ளுவது இருக்கிறதே, அது தனி அவஸ்தை. நூல் உதிரும் துணியோடு எண்ணெய் டாங்க் பக்கம் யாராவது போய்விட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான். வீட்டில் மாட்டெலும்பு சூப்பைக்கூட மெல்லிய துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்.

"ருசி பூரா அந்தக் கசடுலதான் இருக்கு. அதை எடுத்துப்புட்டு வெந்நீரைக் குடிக்கிறீங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

திங்கட்கிழமை காலையில் தர்பார் கூடும். கழற்றிய ஃபில்டரை எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து வெட்டுவார். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, அதில் சிக்கியதை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரனைக் கண்டுபிடிப்பார்.

"இந்த நீல நூலு யோம் தேசிக்கோட கையுறை. என்ன தேசிக்கு, வீட்டுல கம்பளி பின்னுறியா?"

பிறகு வெள்ளைப் பலகையில் 'காரணம்' என்று எழுதி, கீழே 'செய்தவர்' என்று பேரையும் எழுதுவார். கையெழுத்து மணிமணியாக இருக்கும். அடுத்த திங்கள் வரைக்கும் அதை யாரும் அழிக்கக் கூடாது. மனுசன் மழுப்புவான், ஃபில்டர் மழுப்பாது என்று சொல்லிச் சபையைக் கலைப்பார்.

போன வசந்தத்தில் புது பிரஸ் வந்து இறங்கியது. ஆலைத் தலைவர் ஓய்வுபெறும் நேரம் அது. அந்த நாற்காலி பியோவுக்குத்தான் என்று முதலாளி குக் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், பியோ ஏற்கெனவே மனதுக்குள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டார். நாற்காலி வசதியாகத்தான் இருந்தது.

புது எந்திரம் வந்தால் படையல் போடாமல் ஓட்டுவது உண்டா? வெந்த பன்றித் தலை மேசைக்கு வந்தது. நன்றாகச் சிரிக்கிற தலையாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். படையலுக்கு முன் பியோ முதலாளியை எந்திரத்துக்குப் பின்னால் அழைத்துப்போய், டாங்க் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டினார்.

"தேயிலைத் தண்ணி மாதிரி இருக்கு பாருங்க முதலாளி. கோப்பையில ஊத்திக் குடிச்சிடலாம்."

முதலாளி மெச்சினார். மெச்சிய சந்தோஷத்தில் பியோ நாலைந்து கிண்ணம் மக்கொல்லி ஏற்றிக்கொண்டார். எந்திரத்தின் நாலு மூலையிலும் அந்த அரிசிக் கள்ளைத் தெளிப்பது பராமரிப்புத் தலைவரின் உரிமை. அடியில் தங்கிய மாவும் கலக்கட்டும் என்று பாட்டில்களைக் குலுக்கிக் கெண்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். முன்னால் எல்லோரும் நெற்றி பாயில் பட விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இவர், முதல் வாய் எந்திரத்துக்கே என்று டாங்க் மேல் தாராளமாகக் கவிழ்த்தார். யாரும் பார்க்கவில்லை. பன்றி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பம்ப் அலறியது. எண்ணெய் வெள்ளை வெளேரென்று பாலாக மாறியிருந்தது. தண்ணீர் சேர்ந்தால் எண்ணெய் அப்படித்தான் ஆகும் என்று ஆலை முழுக்கப் பாடம் எடுத்தவர் பியோ. டாங்க் மேல் திறந்த வாய் அப்படியே இருந்தது. மூடி பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. பார்த்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூடியை எடுத்துத் திருகினார்.

"எண்ணெயைக் குளிர வைக்கிற தண்ணிக் கூலர்ல ஒழுக்கு" என்று அறிவித்தார்.

கூலரைக் கழற்றினார்கள். சொட்டு ஒழுக்கு இல்லை. முதலாளி குக் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"பின்ன தண்ணி எங்கிருந்துதான் வந்துச்சு பூஜாங்?"

பியோ தரையைப் பார்த்தார். தரை ஈரமாக இருந்தது. சாயங்காலம் தவறாமல் ஹோஸ் பிடித்துக் கழுவுகிற மா குமோக் முந்தின நாளும் கழுவியிருந்தாள்.

"அந்தம்மா ஹோஸைக் கண்டபடி பிடிச்சிருக்கும்."

"அப்ப வேற ஆளைப் போட்டுடுங்க."

"ஆகட்டும் முதலாளி."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. குமோக் மழையில் நனைந்து வேலைக்கு வருகிறவள், வாசலில் கண்டால் குனிந்து வணக்கம் சொல்கிறவள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபின் அவளை எப்படியாவது திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று தன் மனசாட்சியை லேசாக வடிகட்டிக்கொண்டார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. மேசையில் ஃபில்டர் இருந்தது. அன்றைக்கென்று முதலாளியும் வந்து நின்றார்.

"இது புது ஃபில்டர். வெட்ட வேணாம், அப்படியே செஞ்ச கம்பெனிக்கே அனுப்பிடலாம்" என்றார் பியோ.

சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் கணக்கு முடித்துக்கொண்டு போக நின்ற குமோக், பையைக் கீழே வைத்தாள்.

"என் தண்ணிதானே உள்ள இருக்கு? வெட்டுங்க பூஜாங். இத்தனை வருஷமா ஊரார் அழுக்கையெல்லாம் காட்டுனீங்க. போறப்ப என் அழுக்கையும் பாத்துட்டுப் போறேன்."

"வெட்டுங்க, நானும் பார்த்ததில்ல" என்றார் முதலாளி.

வேறு வழியில்லை. வெட்டினார். மடிப்புக்கு மடிப்பு வெள்ளை மாவு அப்பிக்கொண்டிருந்தது. புளித்த வாடை மேசையைத் தாண்டி வந்தது. யோம் தேசிக் விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

"தண்ணி இல்ல முதலாளி. ஞாயித்துக்கிழமை மலையேறி இறங்கிக் குடிப்போமே, அந்தச் சரக்கு. நல்லாக் குலுக்கி வேற ஊத்தியிருக்காங்க. தொட்டுக்க வெங்காயத்தாள் அடை ஒண்ணுதான் குறைச்சல்."

யாரும் சிரிக்கவில்லை. படையலன்று கெண்டி யார் கையில் இருந்தது என்று அத்தனை பேருக்கும் தெரியும். முதலாளி பியோவைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார்.

"வழக்கமா எழுதுவீங்களே, எழுதுங்க."

பியோ எழுந்துபோய் 'காரணம்: மக்கொல்லி' என்று எழுதினார். கீழே 'செய்தவர்' என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"பேனா காஞ்சுபோச்சு" என்றார் வாய்க்குள்ளேயே.

குமோக் உள்ளே நடந்து வந்தாள். பலகையின் அடியில் கிடந்த இன்னொரு பேனாவை எடுத்துத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க பூஜாங். எழுதுனதும் மறந்துறாம மூடியைப் போடுங்க."