பட்டைத் தொட்டியில் அமுக்கிய பதக்கம்

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மஹ்பூபி நல்லவள் என்று சொல்லிக்கொண்டு வரக்கூடாது.

என் அப்பா சர்தார் பாஷா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் ஆவாரம்பட்டைத் தொட்டி வேலை பார்த்தவர். அதற்கு முன்னால், பெரிய சண்டையின்போது, மூன்று வருஷம் பஸ்ராவில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமந்தார். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆட்டுத்தோல் பையோடு குண்டு விழுகிற இடத்துக்குள் ஊர்ந்துபோய், அடிபட்டுக் கிடக்கிறவன் வாயில் தண்ணீர் விடுவார். ஊரில் மட்டும் ரங்கூன் அரிசி மில்லில் இருந்ததாகச் சொல்லிவைத்திருந்தோம். ஏனென்றால் எதிரில் நின்றது துருக்கிப் படை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் முஸ்லிம்களுக்கெல்லாம் கலீஃபாவான துருக்கி சுல்தானுக்காக ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சண்டைக்குப் போனவன் செத்தால் ஜனாஸா தொழுகைக்கு ஒருத்தனும் வரமாட்டான் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, சண்டைக்குப் போனதற்காகச் சர்க்கார் கொடுத்த பதக்கம் தபாலில் வந்தது. விளிம்பில் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. அவரோ மார்ச்சளியில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தார். நாளைக்கு அவரைத் தூக்க நாலு தோள் வேண்டாமா? வீட்டில் வைத்தால் பார்க்க வருகிறவர் கண்ணில் படும். அவருடைய துணியை எடுத்துவரும் சாக்கில் கிடங்குக்குப் போனேன். பதக்கத்தை ஓர் இரும்பு டப்பாவில் போட்டு, அவருடைய தொட்டியிலேயே தோல்களுக்கு அடியில் அமுக்கினேன். பட்டைத் தண்ணீருக்குள் இரும்பு போனால் தோல் கறுத்துவிடும். கிடங்குக்காரன் வீட்டுப் பூனைக்குக்கூட அது தெரியும். பயத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

கடைசி நாள் அப்பா பதக்கத்தை ஒரு தரம் கையில் கொடு என்றார். பெட்டியைத் திறந்து தேடுவதுபோல் நடித்தேன். அவர் கண்ணை மூடும்வரை தேடிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மய்யித்தைக் குளிப்பாட்டி முடித்த நேரம், வாசலில் மேஸ்திரி ஹபீப் வந்து நின்றார். பின்னால் கிடங்கு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மேஸ்திரி கையில் என் டப்பா.

"இன்னாம்மா இது? உங்க அப்பாதுதானே?"

"தெரியாது பாய். எங்க அப்பா ரங்கூன்லதான் இருந்தாரு."

உள்ளே அவர் கிடக்கிறார். வாசலில் நின்று நான் அப்படிச் சொன்னேன்.

ஹபீப் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கறுத்துப்போன தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர்களுக்கு விஷயம் தெரியுமாம். சுண்ணாம்புக் குழியில் ஓர் ஆள் மயங்கி விழுந்தபோது, அப்பா அவன் தலையைத் தொடையில் தாங்கி, தண்ணீர்ப் பையின் வாயை விரலால் இறுக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் புகட்டினாராம். அரிசி மில்லில் அந்த வித்தையை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அன்றைக்கு விழுந்த ஆள் ஹபீபேதான்.

"ஊரு பேசறத பேசட்டும். எங்களுக்குத் தண்ணி குடுத்த மனுஷன். தூக்கத்தான் வந்திருக்கோம்."

டப்பாவை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நாலு தோளுக்கு நடுங்கினேனே, பள்ளிவாசல் வரைக்கும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பேருக்கும் அவர் யாரென்று தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்னவள் பெற்ற மகள் நான் ஒருத்திதான்.