பேச்சியம்மாளின் அரைப்பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை கடைப் பலகைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து மாரிமுத்து வந்து வெள்ளைத்துணியும் சூடமும் கேட்டார். துணியை அளந்துகொண்டே யாருக்கு என்று கேட்டேன்.

"நம்ம பேச்சியக்காவுக்குத்தாங்க முதலாளி. நெஞ்சுச்சளி. விடியக்காலம் போயிருச்சு."

ஞாயிறுதான் அவர் என் கடைக்குக் கணக்குப் படிக்க வரும் நாள். எத்தனை முழம் அளந்தேன் என்பது மறந்து, மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் கடைத்தெருவில் அவரைப் புளியங்கொட்டைக்காரி என்று கேலி பேசியவர்கள் உண்டு. நரை விழுந்த கொழுந்துக்காரிக்கு இனிமேல் என்ன கணக்கு என்று என்னிடமே கேட்டார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பவுண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. பேச்சியம்மாளுக்கு அரைப்பேராக விழத் தொடங்கியது. தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். அரைப்பேர்க்காரர்களைத்தான் முதலில் வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கொடுத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். "அங்க எனக்கு யாருங்க இருக்கா? எம்புருசன் இங்கதான தேயிலைக்கடியில கெடக்காரு" என்றார் பேச்சியம்மாள்.

கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை ஏமாற்றுகிறார் என்பது அவர் முடிவு. காலை, மதியம், மாலை என்று கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு முறையும் கூடைக்கென்று எடையைக் கழிப்பார்கள். "ஒரே கூடைதானங்க முதலாளி! ஒருக்கா கழிச்சாப் போதாதா? மூணு தடவ எதுக்கு?" அந்த லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். கூடை ஒவ்வொரு தடவையும் தராசில் ஏறுகிறதே அம்மா என்று நான் அன்றைக்கே சொன்னேன். "நீங்களும் தராசு பிடிக்கிறவுகதான. நீங்க சொல்லி நான் நம்ப மாட்டேன். நானே போட்டுப் பாக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். வாயில்லாத ஆள் அல்ல அவர்.

வாய்ப்பாடு அவருக்கு வரும். சிறுமியாக இருந்தபோது திருச்சிப் பக்கத்து ஊரில் அண்ணன் கத்திப் படித்ததைக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரெட்டு எட்டிலிருந்து பாடிக்கொண்டுதான் வரவேண்டும். நடுவில் யாராவது உப்புக் கேட்டால் போயிற்று, மறுபடி ஓரெட்டு. ஆகவே ஒன்று, இரண்டிலிருந்தே ஆரம்பித்தோம்.

கூட்டலில் முதல் சண்டை வந்தது. மனதில் ஒன்று என்று நான் பழக்கத்தில் சொல்ல, "எதுக்கு மனசுல? அது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். பிறந்ததிலிருந்து கடைக் கணக்குப் போடுகிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சலோடு புளியங்கொட்டைகளைக் கொட்டி, பத்துப் பத்தாகத் துணியில் முடிந்தோம். அப்போதுதான் எனக்கே விளங்கியது. கழித்தலில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்க வேண்டும் என்றேன். "கடனில்லீங்க. நம்மகிட்ட இருக்கிற முடிச்சத்தான் அவுக்குறோம்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

மழை தூறிய ஒரு ஞாயிறு, தன் கொழுந்துக்கூடையையே கொண்டு வந்தார். வெறுங்கூடையை நிறுக்கச் சொன்னார். பிறகு அதில் அரிசியைப் போட்டு நிறுத்து, கொட்டி, இப்படியே மூன்று தடவை நிறுத்தார். ஒவ்வொரு தடவையும் முடிச்சை அவிழ்த்துத் தானே கழித்தார். மூன்று தடவை ஏறிய கூடையை ஒரு தடவை மட்டும் கழித்தால், போடாத அரிசி கணக்கில் வந்து நின்றது. திரும்பவும் எண்ணினார்.

"அப்ப அவுக கணக்குச் சரிதானா முதலாளி?"

"சரிதாம்மா."

"அப்ப நான் பறிச்சதே அம்புட்டுத்தானா?"

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரல்கள் வீங்கிப்போயிருந்தன. ஏமாற்றுகிறார்கள் என்று நம்பியவரை அவருக்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. அன்றோடு அதுவும் போயிற்று. கணக்கப்பிள்ளை தவறு செய்திருக்கக்கூடாதா என்று நானும் அன்று ஏங்கினேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் கணக்குப் போடவில்லை, சும்மா வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்பதை மாரிமுத்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடைசியாக வந்த அன்று, எழுந்து போகும்போது கேட்டார்: "இத்தன பவுண்டு பறிச்சாத்தான் முழு ஆளு, இல்லாட்டி அர ஆளுன்னு போட்டிருக்காகளே, அந்தக் கணக்கு எங்க வரும் முதலாளி? அதச் சொல்லித் தரலையே நீங்க."

தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது.

கப்பல் ஏறும் முன்பே அவர் போய்விட்டார். புருசன் பக்கத்திலேயே குழி வெட்டியிருப்பதாக மாரிமுத்து சொன்னார். அது ஒன்றுதான் அவர் ஆசைப்பட்டபடி நடந்தது. புளியங்கொட்டை முடிச்சுகள் என் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கடையில் யாராவது கணக்குச் சரிதானே என்று கேட்டால், சரி என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை. பேச்சியம்மாளுக்கும் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.