வாஷர்காரர் கேட்ட இரண்டு கேள்விகள்

மோட்டார் பம்பு உதிரிபாகத் தொழிலில் வாஷர்காரரை ஏமாற்றக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர்தான். ஆனால் பம்பின் மாடலைச் சொன்னால் போதும், தண்ணீர் கசியாமலிருக்க எந்த அளவு சீல் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாலாயிரம் சாமானும் மண்டைக்குள். அத்தனையையும் கேட்டுக் கேட்டு மருமகள் இணையதளத்தில் ஏற்றிவைத்திருந்தாள்.

போன மாதம் அந்தத் தளத்துக்குள் எவனோ புகுந்து அளவுகளை மாற்றிவிட்டான். மூன்று பேருக்குத் தப்பான சீல் போய்ச் சேர்ந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் தப்பான சாமானுக்காக வாஷர்காரர் தலைகுனிந்தது அப்போதுதான். இன்னொரு தடவை நடந்தால் தளத்தையே இழுத்து மூடிவிடுவதென்று சொல்லிவிட்டார்.

"சர்வர்ல இருக்கிற சிஸ்டம் பழசு, மாமா. ஓட்டையை அடைக்கிற அப்டேட் அதுக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு. அதுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒரு சிஸ்டம் இருக்கு, அதுல ரெண்டு வகை பார்த்து வச்சிருக்கேன்."

"என்ன விலை?"

"விலையே இல்ல. எப்படிச் செஞ்சிருக்காங்கன்னும் திறந்தே வச்சிருக்காங்க. யார் வேணா பார்க்கலாம்."

வாஷர்காரருக்கு மூக்கில் வியர்த்தது. "சும்மாவும் குடுத்து, பூட்டையும் பிரிச்சுக் காட்டுறானா? திருடனுக்கு வழி சொல்றானாம்மா?"

"பிரிச்சுப் பார்க்காம நீங்க எந்தப் பம்புக்காவது ஏஜென்சி எடுத்திருக்கீங்களா?"

அது நியாயம்தான் என்றாலும் சந்தேகம் போகவில்லை. எந்தக் கம்பெனி வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பது அவர் வழக்கம். எத்தனை வருஷம் ஸ்பேர் கொடுப்பாய்? பழுதென்று திரும்பி வந்த சாமான் லிஸ்ட்டைக் காட்டுவாயா? இரண்டாவதைக் கேட்டதும் ஒரு விற்பனை மேலாளர் காபியைப் பாதியில் வைத்துவிட்டே எழுந்து போயிருக்கிறார்.

"முதல் வகை ரொம்பப் புதுசு மாமா. ஒன்பது மாசம் அப்டேட் வரும்."

"பிள்ளைத்தாய்ச்சியே பத்து மாசம் தாங்குறா! அடுத்தது?"

"அஞ்சு வருஷம்."

"சரி. லிஸ்ட்டு?"

அவள் திரையைத் திருப்பினாள். அந்த இரண்டாவது வகையில் கண்டுபிடித்த பழுதுகள், சொன்னவர் பெயர், சரிசெய்த தேதி, எல்லாம் ஊருக்கே தெரிய எழுதியிருந்தது. அவள் படிக்கப் படிக்க வாஷர்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இத்தனை ஓட்டையா! வேண்டவே வேண்டாம்." வாசல்வரை போனவர் நின்றார். "முந்தாநாள் சொன்ன பழுது ஒண்ணு படிச்சியே, அதை எப்போ சரி பண்ணினான்?"

"நேத்தே."

வாஷர்காரர் மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். தன் ஓட்டையைத் தானே எழுதிவைக்கிற கம்பெனியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"ரெண்டாவதையே போடு. ஆனா பாதிதான் நம்புறேன்."

புதுத் தளத்தில் அவர் சொல்லி ஒரு பக்கம் சேர்ந்தது: 'நாங்கள் தவறாக அனுப்பியவை'. அதில் மூன்றே வரிகள். நாலாவது வரி விழாமலிருக்க, தினம் காலையில் கடை திறந்ததும் பத்து சீல் அளவுகளைத் தளத்தில் படிக்கச் சொல்லி, மண்டையிலிருப்பதோடு ஒத்துப் பார்க்கிறார். முடிந்ததும் மருமகளிடம் ஒரே கேள்வி:

"அப்டேட் போட்டியா, இல்ல போட்டேன்னு சொல்றியா?"