ஆவுளியாவின் ஐந்து விரல்கள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சகாயமேரி டீச்சர் போய்விட்டார். இனி என் மௌனத்தால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

செய்தி வந்தபோது தொண்டி பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: நம் முன்னாள் விலங்கியல் ஆசிரியை காலமானார். அதன் கீழே முதல் ஆளாகக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தவர் எங்கள் தலைமையாசிரியர். கோர்ட்டில் டீச்சருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். அதற்கும் கீழே ‘பேரிழப்பு’, ‘ஈடு செய்ய முடியாத ஆசிரியை’. எழுதியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவர் பணியிடை நீக்கத்தில் இருந்த நாட்களில் கடைத்தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தவர்கள். நான் ஏறவேண்டிய பஸ் கிளம்பிப் போனதைக்கூட அப்புறம்தான் கவனித்தேன்.

உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். பரிணாமப் பாடத்தை அவர் எப்படித் தொடங்குவார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த அறையில் இயற்பியல் நடத்தியபடி நானும் கேட்டிருக்கிறேன். நடுவில் இருந்தது பாதிச் சுவர்தான்.

“எல்லாரும் ஒங்க கைய விரிச்சு வச்சுப் பாருங்க. இப்ப மேசைல இருக்குற எலும்பப் பாருங்க. இது யாரு கை?”

“மனுசக் கை டீச்சர்!”

“ஏலே, மனுசன் கைய வெட்டிக் கொண்டாந்து வைக்க நான் என்ன கொலைகாரியா? ஆவுளியாவோட துடுப்புலே இது.”

கடலடிப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவை, அந்தக் கடல் பசுவை, நம் கரைப் பிள்ளைகள் வலையோரத்தில் பார்த்திருப்பார்கள். அதன் துடுப்புக்குள் தோலுக்கு அடியில் ஐந்து விரல்கள் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? ஒரு பையன் எழுந்து, “அப்ப அது நமக்குச் சொந்தக்காரவகளா டீச்சர்?” என்றான்.

“ரொம்பத் தூரத்துச் சொந்தம்லே. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற அளவுக்கு நெருக்கமில்ல.”

வகுப்பு சிரித்து அடங்க நேரமானது. அந்தச் சிரிப்புத்தான் வீடுகளுக்குப் போய்ப் புகாராக மாறியது. ‘ஆண்டவன் நம்மளப் படைக்கலையாம், ஆவுளியா நமக்குச் சொந்தமாம்’ என்று ஏதோ ஒரு பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறது. பெற்றோர் சங்கத் தலைவர் வழக்குப் போட்டார்: அந்தப் பாடத்தை நடத்தத் தடை வேண்டும். நம் ஊரில் மூன்று மதத்துக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது அதுவரை நடந்ததில்லை. மத நல்லிணக்கத்துக்காக அவர்கள் எல்லோரும் டீச்சருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். “இந்த ஒரு பாடத்த விட்டுருங்களேன் டீச்சர். நீங்களே ஞாயித்துக்கிழம தவறாமக் கோயிலுக்குப் போறவங்கதான?” டீச்சர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “கோயில்ல நான் முட்டிபோடுறது எனக்காக சார். வகுப்புல நான் சொல்றது பிள்ளைகளுக்காக. ரெண்டுலயும் பொய் கலக்க மாட்டேன்.” அந்தத் தலைமையாசிரியர் நாற்காலி நியாயப்படி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது வேறு கதை. அதையும் நான் மறக்கவில்லை.

கோர்ட்டுக்கு அவரோடு பஸ்ஸில் போனவன் நான் ஒருவன்தான். எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “அம்மா, ஒங்க தாத்தா கொரங்கா?” என்று கேட்டார். கூடம் சிரித்தது.

“எங்க தாத்தா வலை வச்சிருந்தாருங்கய்யா. பாடம் அவரப் பத்தி இல்ல. அவருக்கும் ஒங்க தாத்தாவுக்கும் ரொம்ப முன்னாடி இருந்தவங்களப் பத்தி.”

இப்போது நீதிபதியே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் டீச்சர் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்து நின்றார் என்று நினைக்கிறேன். வக்கீல் குரலை மாற்றி, “சரி, எத வச்சு நடத்துனீங்க? புத்தகத்துல உள்ள படமா?” என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “படம் எதுக்குங்கய்யா? எலும்பையே வச்சு நடத்துனேன். ஆவுளியா எலும்பு” என்றார், வகுப்பில் சொல்லும் அதே பெருமையோடு. வக்கீல் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பாடத்தை நடத்தலாம், நடத்த வேண்டும். அதற்குள் வனத்துறைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போய்விட்டது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் எலும்பை வைத்திருப்பது குற்றம். ஆய்வகத்து அலமாரியைத் திறந்து அந்த ஐந்து விரல்களையும் துணியில் சுற்றி முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரி. டீச்சர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆனார். பணியிடை நீக்கம். அவர் இடத்துக்கு வந்தவர் பிள்ளைகளிடம், “இந்தப் பாடம் ஈசி, வீட்டுல படிச்சுக்கங்க” என்றார். இன்றுவரை அப்படித்தான். தீர்ப்பு இருக்கிறது, பாடம் இல்லை.

எலும்பைக் கொடுத்தது யார் என்ற ஒரே கேள்வியைத்தான் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். செத்துக் கரையொதுங்கிய ஆவுளியாவின் எலும்பைக் கழுவி, பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு மீனவர். பெயரைச் சொல்லித் தொலையுங்கள் என்று நானே பஸ்ஸில் சண்டை போட்டிருக்கிறேன்.

“சொன்னா என்னைய விட்டுட்டு அவரப் பிடிப்பாங்க சார். அப்புறம் இந்தக் கரையில எவன் பள்ளிக்கொடத்துக்கு ஒரு சிப்பியக் கொண்டு வருவான்?” சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஒண்ணுதான் வேணும். குத்தமில்லன்னு ஒரு வரி. அத வாங்கிட்டுத்தான் சாவேன்.”

வாங்கவில்லை. வாய்தா, வாய்தா என்று போய், சிறுநீரகக் கோளாறு முந்திக்கொண்டது. அடுத்த வாய்தாவுக்கு உடுத்த வேண்டிய சேலையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தார். அதைத்தான் சவப்பெட்டிக்குள் உடுத்தியிருந்தார். எங்கள் வக்கீலுக்குப் போன் செய்தேன்.

“ஆளு இல்லன்னா கேசும் இல்ல சார். முடிஞ்சு போச்சு. ஒரு வகையில நல்லதுதான்.”

“குற்றமில்லைன்னு எழுதி முடிக்க மாட்டாங்களா?”

“செத்தவங்களுக்கு யாரு சார் விடுதல எழுதுவா?”

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அந்த மீனவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன். தொண்டிக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே உள்ள எந்தக் கடற்கரையும் அவருடைய ஊர்தான்.

“இப்பவே போயி நாந்தான் குடுத்தேன்னு சொல்லிர்றேன் சார். அந்தம்மா பேராவது சுத்தமாகட்டும்.”

“ஆகாதுய்யா. அவங்க கேஸ மூடிட்டாங்க. நீங்க போனா ஒங்க கேஸத்தான் தொறப்பாங்க.”

“அப்ப அந்தம்மா பட்டதெல்லாம்?”

அந்தப் பக்கம் தலைமையாசிரியர் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பெயர். அவருடைய பெயர் அல்ல, அவர் கடைசிவரை அதிகாரிகளிடம் சொல்லாத பெயர். இதன் கீழே கையெழுத்துப் போட்டால் அந்தப் பெயரைக் கேட்டு என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டால் நான் அவரைப் போல நிற்பேனா? என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எழுதியவன் யார் என்று உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தலைமையாசிரியருக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். தெரியட்டும். அழைப்பாணையில் எழுத ஒரு கையெழுத்து வேண்டும், அதை நான் கொடுக்கப் போவதில்லை.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்களை ஆயுள் முழுக்கக் காறித் துப்பியவன் நான். நம் பள்ளியின் முன்னாள் மாணவர் பக்கத்தில் இதைப் பெயரில்லாமல்தான் போடுகிறேன்.